ரத்தம் நெகட்டிவ் என்றால் எபோலா போய்விட்டதா?

2014 நவம்பரில் லைபீரியாவிலிருந்து டில்லி வந்திறங்கிய 26 வயது இந்தியர் ஒருவரை விமான நிலையத்துத் தனிமைப் பிரிவிலேயே நிறுத்தி வைத்தார்கள். லைபீரியாவில் எபோலா வந்து, சிகிச்சை பெற்று, குணமாகிவிட்டதாகச் சான்றிதழோடு வந்தவர் அவர். டில்லியில் எடுத்த ரத்தத்தில் வைரஸ் இல்லை. விந்தில் இருந்தது. இதில் எது சரி என்று படிப்பவருக்குச் சந்தேகம் வரும். இரண்டுமே சரிதான்.

எபோலா, மார்பர்க், லாசா போன்ற ரத்தக்கசிவுக் காய்ச்சல்களில் வைரஸ் உடம்பு முழுக்க ஒரே நாளில் பரவுவதும் இல்லை, ஒரே நாளில் ஒழிவதும் இல்லை. ரத்தத்துக்கு ஒரு கணக்கு, சிறுநீருக்கு வேறு கணக்கு, விந்துக்கு முற்றிலும் வேறு கணக்கு. அதனால் "பாசிட்டிவா, நெகட்டிவா" என்று கேட்டால் மட்டும் போதாது. எந்தத் திரவம், நோய் தொடங்கி எத்தனையாவது நாள், எந்த மரபணுவைத் தேடினார்கள், சோதனை ஒழுங்காக ஓடியதா? இந்த நான்கும் தெரிந்தால்தான் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் உண்டு. எபோலாவை வைத்தே எழுதுகிறேன். திரவம் திரவமாக, மாதக் கணக்கில் பின்தொடர்ந்த தரவு அதற்குத்தான் நிறைய இருக்கிறது.

ரத்தம்: முதல் மூன்று நாள் ஏமாற்றும்

தொற்று ஏற்பட்டு 2 முதல் 21 நாளுக்குள் அறிகுறி தொடங்கும். அதற்கு முன் ரத்தம் எடுத்துச் சோதிப்பதில் பயன் இல்லை. அறிகுறி தொடங்கிய பிறகும், வைரஸின் மரபணுவைப் பெருக்கித் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை கண்டுபிடிக்கும் அளவுக்கு வைரஸ் ரத்தத்தில் ஏற 3 நாள் வரை ஆகலாம். முதலில் அது மேக்ரோபேஜ் போன்ற நோய் எதிர்ப்புச் செல்களிலும் கல்லீரல், மண்ணீரலிலும் பெருகுகிறது. ரத்தத்தில் நிறைவது அதன் பிறகு. ஆகவே அறிகுறி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தம் நெகட்டிவ் என்று வந்தால் அந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. 72 மணி நேரம் கடந்தபின் இன்னொரு மாதிரி எடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால், மறுநாளே வைரஸ் ஏறப்போகும் ஒருவரை நாமே குடும்பத்துக்கு நடுவில் அனுப்பிவைத்தவர்கள் ஆவோம்.

இங்கே எல்லாம் தங்கியிருப்பது "நாள் ஒன்று" எது என்பதில்தான். "காய்ச்சல் எப்போது வந்தது" என்று மட்டும் கேட்டால், அதற்கு முந்தைய இரண்டு நாள் உடம்பு வலியும் சோர்வும் கணக்கில் வராது. உடம்பு எப்போது முதலில் சரியில்லாமல் போனது, எப்போது வேலைக்குப் போவதை நிறுத்தினார், எப்போது சாப்பாடு இறங்கவில்லை என்று கேட்டுத்தான் தேதியை எழுத வேண்டும். பின்னால் வரும் எல்லா மாதிரிகளின் நாளும் அந்த ஒரு தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

நோய் முற்றும்போது, பெரும்பாலும் முதல் வாரத்தின் பிற்பகுதியில், ரத்தத்தில் வைரஸ் உச்சத்துக்குப் போகும். இறந்துபோகிறவர்களில் அந்த உச்சம் பிழைப்பவர்களைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு கூட அதிகமாக இருக்கும். பிழைப்பவர்களில் இரண்டாம் வாரத்தில் எதிர்ப்பொருள் உருவாக உருவாக அளவு இறங்கி, இரண்டு மூன்று வாரத்தில் ரத்தம் நெகட்டிவ் ஆகும். அறிகுறிகள் நீங்கியபின் குறைந்தது 48 மணி நேர இடைவெளியில் இரண்டு ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்தால் சிகிச்சை மையத்திலிருந்து அனுப்புவார்கள். தினசரிப் பழக்கத்தில் பிறருக்கு ஆபத்தில்லை என்பதைத்தான் இது சொல்கிறது. உடம்பில் எங்குமே வைரஸ் இல்லை என்று இது சொல்லவில்லை.

சிடி மதிப்பு என்ற சொல் கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. பிசிஆரில் எத்தனையாவது பெருக்கச் சுழற்சியில் வைரஸ் தெரிந்தது என்ற எண் அது. இங்கும் அதே கணக்கு: எண் குறைந்தால் வைரஸ் அதிகம். ஏறக்குறைய 3.3 சுழற்சிக்குப் பத்து மடங்கு. சிடி 18-க்கும் 28-க்கும் இடையே சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆனால் ஒரு நோயாளியின் சிடி ஏறி இறங்குவதை நாளுக்கு நாள் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே வகை டியூப், ஒரே பிரித்தெடுப்பு முறை, ஒரே மரபணு, ஒரே கருவி என்று இருக்க வேண்டும். திங்களன்று பிளாஸ்மாவில் ஒரு கிட், புதனன்று முழு ரத்தத்தில் இன்னொரு கிட் என்று ஓட்டிவிட்டு, சிடி நான்கு கூடியதால் தேறுகிறார் என்று சொல்ல முடியாது.

டியூபிலிருந்து கருவி வரை

ரத்தம் எடுக்க வேண்டியது ஊதா மூடி போட்ட, உறையாமல் தடுக்கும் இடிடிஏ டியூபில். பச்சை மூடி ஹெப்பாரின் டியூப் வேண்டாம். ஹெப்பாரின் பிசிஆர் நொதியையே தடுத்துவிடும், வைரஸ் இருந்தும் நெகட்டிவ் வரும். பெரியவர்களுக்கு 4 மில்லி போதும். கண்ணாடி டியூப் கூடவே கூடாது. உடைந்து கையைக் கிழித்தால் அதுவே ஒரு தொற்று. லேப் வரை மூடியைத் திறக்காமல், 2 முதல் 8 டிகிரி குளிரில், மூன்றடுக்குப் பொதியில் அனுப்ப வேண்டும்: கசியாத உள் டியூப், உறிஞ்சும் பஞ்சோடு கசியாத இரண்டாவது உறை, அதற்கு வெளியே உறுதியான பெட்டி. பெட்டியின் மேல் ஆபத்தான தொற்றுப் பொருளுக்கான யுஎன் 2814 என்ற எண் இருக்க வேண்டும்.

லேபில் முதல் வேலை வைரஸைச் செயலிழக்கச் செய்வது. பலர் பயன்படுத்தும் கிட்டில் 140 மைக்ரோலிட்டர் மாதிரியோடு ஏவிஎல் என்ற கரைசல் 560 மைக்ரோலிட்டர் சேர்த்து, கலக்கி, 10 நிமிடம் வைப்பார்கள். பிறகு 560 மைக்ரோலிட்டர் எத்தனால். இந்த எத்தனால் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவை வடிகட்டியில் ஒட்டவைப்பதற்கு மட்டும் என்று நினைத்து, ஏவிஎல் சேர்த்தவுடனேயே டியூபை லேபில் மாதிரியைக் கையாளும் பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே எடுத்துவிடும் வழக்கம் ஆபத்தானது. ஏவிஎல் மட்டும் சேர்த்த மாதிரிகளில் சில நேரம் உயிருள்ள எபோலா வைரஸ் மிஞ்சியிருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் டியூப் வெளியே வர வேண்டும். அப்போதும் டியூபின் வெளிப்புறத்தைக் குளோரினால் துடைத்த பிறகே.

இன்னொரு கணக்கையும் இங்கே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பின்னால் விந்துப் பரிசோதனை வரும்போது உதவும். 140 மைக்ரோலிட்டரிலிருந்து கிடைக்கும் ஆர்என்ஏவை 60 மைக்ரோலிட்டரில் கரைத்து எடுக்கிறோம். அதில் 5 மைக்ரோலிட்டர்தான் பிசிஆருக்குள் போகிறது. அதாவது உண்மையில் சோதிக்கப்படுவது மூல மாதிரியின் சுமார் 12 மைக்ரோலிட்டர். ஒரு மில்லியில் 100 ஆர்என்ஏ பிரதிகள் இருந்தால், அந்த 12 மைக்ரோலிட்டரில் சராசரியாக ஒன்று வரும். சராசரி ஒன்று என்றால் சில முறை இரண்டு, சில முறை பூஜ்யம். அதே டியூபை இரண்டு முறை ஓட்டினால் ஒரு முறை பாசிட்டிவ், ஒரு முறை நெகட்டிவ் வருவது இப்படித்தான். லேபில் யாரும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை.

ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் வேலை எளிது. நம் ஊர் காசநோய் மையங்களில் இருக்கும் அதே கருவிதான், கார்ட்ரிட்ஜ் மட்டும் வேறு. சுமார் 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தைச் சிதைக்கும் கரைசலில் கலந்து, அதில் 1 மில்லியைக் கார்ட்ரிட்ஜில் விட்டால் ஒன்றரை மணி நேரத்தில் முடிவு. என்பி, ஜிபி என்ற இரண்டு மரபணுக்களைத் தேடும். மனித மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடும். அது கிடைக்கவில்லை என்றால் உள்ளே போனது சரியான மாதிரி இல்லை என்று பொருள்.

ஆனால் அந்தக் கார்ட்ரிட்ஜ் தேடுவது சயர் வகை எபோலாவை மட்டுமே. 2022 செப்டம்பரில் உகாண்டாவின் முபெண்டேயில் வந்தது சூடான் வகை. 142 பேருக்கு உறுதியாகி, அவர்களில் 55 பேர் இறந்த அந்தப் பரவலில் இந்தக் கார்ட்ரிட்ஜால் பயன் இல்லை. வேறு பிசிஆர் தேவைப்பட்டது. "எபோலா நெகட்டிவ்" என்று ஒரு தாளில் பார்த்தால் "எந்த எபோலா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஜிபி மரபணுவால் இன்னொரு சிக்கல் உண்டு. எர்வெபோ தடுப்பூசி என்பது வேறொரு வைரஸுக்குள் எபோலாவின் ஜிபி மரபணுவை வைத்துச் செய்தது. ஊசி போட்ட சில நாளில் காய்ச்சல் வருவது சகஜம், அப்போது ரத்தத்தில் அந்தத் தடுப்பூசி வைரஸ் இருக்கவும் செய்யும். ஜிபியை மட்டும் தேடும் சோதனை அவரை எபோலா நோயாளி ஆக்கிவிடும். தப்பான பாசிட்டிவால் ஒருவரை உண்மையான நோயாளிகள் இருக்கும் வார்டில் படுக்கவைப்பதைவிடப் பெரிய கொடுமை இந்த நோயில் இல்லை. ஜிபி பாசிட்டிவ், என்பி நெகட்டிவ் என்று வந்தால் தடுப்பூசி போட்ட தேதியைக் கேளுங்கள், தனி அறையில் வையுங்கள், மறு மாதிரி எடுங்கள். எதிர்ப்பொருள் சோதனையிலும் இதே தர்க்கம்தான். ஜிபிக்கு எதிரானது எர்வெபோவாலும் வரும், என்பிக்கு எதிரானது அந்த ஊசியால் வராது.

எச்சில், வியர்வை, சிறுநீர்

2000-ல் உகாண்டாவின் குலுவில் வந்த பரவலின்போது நோயாளிகளின் பலவகைத் திரவங்களை எடுத்துச் சோதித்த ஆய்வு இந்தத் துறையில் அடிப்படையானது. எச்சில், மலம், கண்ணீர், தாய்ப்பால், விந்து ஆகியவற்றில் வைரஸ் கிடைத்தது. அதே வார்டில் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்த 33 மாதிரிகளில் பாசிட்டிவ் ஆனவை இரண்டே இரண்டு, இரண்டுமே ரத்தம் பட்டவை: ஒரு கையுறை, டிரிப்ஸ் ஊசி குத்திய இடத்தைத் துடைத்தது ஒன்று. ஒழுங்காகக் கழுவித் துடைக்கும் வார்டில் கட்டில் கம்பியும் சுவரும் பெரிய ஆபத்து இல்லை. நோயாளியின் உடலும் அதிலிருந்து வடிவதும்தான் ஆபத்து.

உயிரோடு இருப்பவரின் எச்சிலை ரத்தத்துக்கு மாற்றாக வைக்கக் கூடாது. ரத்தத்தில் அளவு அதிகமாக இருக்கும்போதுதான் எச்சிலில் தெரியும். ஆரம்ப நாட்களில் தவறிவிடும். இறந்தவருக்கோ நேர்மாறு. ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அடக்கம் செய்யும் குழுவுக்கு ஆபத்து. வாய்க்குள் துடைத்தெடுக்கும் ஸ்வாபே போதும். நோயால் இறந்தவரின் உடலில் வைரஸ் ஏராளமாக இருக்கும். குரங்குகளின் சடலங்களை வைத்துச் செய்த ஆய்வில் இறந்து 7 நாள் வரை உயிருள்ள வைரஸும், 10 வாரம் வரை ஆர்என்ஏவும் கிடைத்தன. ஸ்வாபைக் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் மேலும் அழுத்தித் தேய்க்க வேண்டும், உதட்டைத் தொட்டு எடுத்தால் போதாது. வரிசையும் முக்கியம்: முதலில் ஸ்வாப், அதன் பிறகே 0.5 சதவீதக் குளோரின் தெளிப்பு. குளோரின் வைரஸைக் கொல்வதோடு ஆர்என்ஏவையும் துண்டாக்கிவிடும். தெளித்த வாயிலிருந்து எடுத்த ஸ்வாப் நெகட்டிவ் வந்தால், ஊரைக் கூட்டி, உடலைத் தொட்டுக் குளிப்பாட்டி அடக்கம் செய்ய அனுமதி கொடுத்ததாகிவிடும்.

சிறுநீரைப் பற்றிய தெளிவான பாடம் 2014-ல் ஹாம்பர்க்கில் சிகிச்சை பெற்ற நோயாளியிடமிருந்து கிடைத்தது. தினமும் மாதிரி எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். 17-ஆம் நாளில் அவர் ரத்தம் சுத்தமாகிவிட்டது. சிறுநீரிலிருந்தோ 26-ஆம் நாள் வரை உயிருள்ள வைரஸை வளர்த்தெடுக்க முடிந்தது. வியர்வையில் 40-ஆம் நாள் வரைக்கும் ஆர்என்ஏ தெரிந்தது. ரத்தம் சுத்தமானபின் ஒன்பது நாள் ஒருவரின் சிறுநீர்ப் பையைக் கையுறை இல்லாமல் காலி செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரத்தம் நெகட்டிவ் ஆன அன்றே கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) கவனிப்பின் பாதுகாப்பைத் தளர்த்தக் கூடாது.

விந்து: மாதங்கள், ஆண்டுகள்

இது புதிதாகத் தெரிந்த விஷயமே இல்லை. 1967-ல் ஜெர்மனியில் மார்பர்க் வைரஸ் முதன்முதலாகத் தெரியவந்தபோதே, குணமான ஒருவரிடமிருந்து அவர் மனைவிக்கு உடலுறவு வழியாகத் தொற்று போனது பதிவாகியிருக்கிறது. 1976-ல் இங்கிலாந்தில் லேபில் எபோலா தொற்றிய ஒருவரின் விந்தில் 61-ஆம் நாள் வைரஸ் இருந்தது. 1995-ல் காங்கோவின் கிக்விட்டில் 82-ஆம் நாள் எடுத்த விந்திலிருந்து வைரஸை வளர்த்தார்கள். இவற்றை வைத்துத்தான் "மூன்று மாதம் ஆணுறை" என்ற பழைய அறிவுரை வந்தது.

மேற்கு ஆப்பிரிக்கப் பெரும் பரவல் அந்தக் கணக்கைத் தகர்த்தது. 2015 மார்ச்சில் லைபீரியாவில் ஒரு பெண்ணுக்குத் தொற்று வந்தது. சில வாரமாகப் புதிய நோயாளியே இல்லாத நேரம். அவர் உறவு கொண்டிருந்த குணமான ஆணின் விந்தில், அவருக்கு நோய் தொடங்கி 199-ஆம் நாளில் வைரஸ் ஆர்என்ஏ இருந்தது. மரபணு வரிசையும் பொருந்தியது. கினியில் 531-ஆம் நாளிலும் பாசிட்டிவ் ஆன ஒருவரிடமிருந்து 2016-ல் ஒரு புதுச் சங்கிலியே தொடங்கியது. 2021 பிப்ரவரியில் கினியின் கூவேக்கே பகுதியில் திரும்பி வந்த எபோலாவின் மரபணு, 2014-ஆம் ஆண்டு வைரஸோடு கிட்டத்தட்ட ஒட்டியே இருந்தது. விலங்கிலிருந்து புதிதாக வந்திருந்தால் அப்படி இருக்காது. ஏதோ ஒரு குணமான மனிதரின் உடம்பில் அது ஐந்து ஆண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்திருக்கிறது.

சியரா லியோனில் சிகிச்சை முடிந்து வெளியேறிய ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வின் எண்கள் இவை. மூன்று மாதத்துக்குள் விந்து கொடுத்த 7 பேருக்கும் பாசிட்டிவ். 4 முதல் 6 மாதத்தில் 62 சதவீதம், 7 முதல் 9-ல் 25, 10 முதல் 12-ல் 15, 13 முதல் 15-ல் 11, 16 முதல் 18-ல் 4 சதவீதம். 19 மாதத்துக்குப் பிறகு யாருக்கும் இல்லை. லைபீரியாவில் நீண்ட காலம் தொடர்ந்த ஆய்வில் ஒருவருக்கு 40 மாதம் வரை தெரிந்தது. ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளும் எதிர்ப்புச் செல்களும் விதைப்பைக்குள் எளிதில் நுழைவதில்லை. விந்தணுவை உடம்பே அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருக்க இயற்கை போட்ட தடுப்பு அது. வைரஸ் அந்தத் தடுப்புக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது.

நடைமுறை இப்படி. நோய் தொடங்கி மூன்று மாதத்தில் முதல் விந்துப் பரிசோதனை. பாசிட்டிவ் என்றால் மாதம் ஒரு முறை. குறைந்தது ஒரு வார இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு நெகட்டிவ் வர வேண்டும். பரிசோதனை வசதி இல்லாத ஊரில் 12 மாதம் உறவைத் தவிர்க்க வேண்டும் அல்லது ஆணுறை அணிய வேண்டும். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் 2015 ஜூலையில் தொடங்கிய ஆண்கள் பரிசோதனைத் திட்டத்தில் 38 பேருக்கு ஒரு முறையாவது பாசிட்டிவ் வந்தது. அவர்களில் 24 பேர் குணமாகி ஓராண்டோ அதற்கு மேலோ ஆனவர்கள். நெகட்டிவ் ஆனபின் திரும்பப் பாசிட்டிவ் ஆவதும் நடக்கிறது. மேலே போட்ட 12 மைக்ரோலிட்டர் கணக்கு ஒரு காரணம். வைரஸ் விட்டுவிட்டு வெளியேறுவது இன்னொன்று. "இரண்டு நெகட்டிவ்" என்ற விதிக்கு அடிப்படை இதுதான்.

விந்தை ரத்தம்போலக் கையாள முடியாது. வெளியேறியவுடன் அது கட்டியாக இருக்கும். அப்படியே பிப்பெட்டில் இழுத்தால் நூலாக வரும், அளவு தப்பும், கார்ட்ரிட்ஜில் விட்டால் கருவி எரர் காட்டி நின்றுவிடும். அறை வெப்பத்தில் 15 முதல் 30 நிமிடம் விட்டால் தானாக நீர்க்கும். அதன் பிறகு மெதுவாகக் கலக்கி எடுக்க வேண்டும். நுரை வரக் குலுக்க வேண்டாம். அகன்ற வாயுள்ள திருகுமூடி பிளாஸ்டிக் டப்பா கொடுங்கள். ஆணுறையில் சேகரித்து ஊற்றச் சொன்னால் அதன் வழுவழுப்புப் பூச்சும் விந்துக்கொல்லி மருந்தும் பிசிஆரைக் கெடுக்கும்.

விந்தில் பிசிஆரைத் தடுக்கும் பொருள் ரத்தத்தைவிட அதிகம். எனவே ஒவ்வொரு மாதிரியிலும் மனித மரபணு ஒன்றைக் கூடவே தேட வேண்டும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் வழக்கமான தேர்வு. அது வரவில்லை என்றால் முடிவு "நெகட்டிவ்" இல்லை, "செல்லாது". மாதிரியை நீர்த்து மறுபடி ஓட்டலாம், ஆனால் நீர்த்தால் இருக்கும் கொஞ்ச வைரஸும் குறையும்; புது மாதிரி கேட்பதே நல்லது. இரண்டு மரபணுவில் ஒன்று மட்டும் சிடி 38, 39-ல் வந்தால் "முடிவு தெளிவில்லை" என்று எழுதி அடுத்த மாதிரி வரும்வரை பாசிட்டிவ்போல நடந்துகொள்ள வேண்டும்.

டப்பாவைக் கையில் கொடுத்துக் கழிப்பறையைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள். தாழ்ப்பாள் உள்ள தனி அறை, கைகழுவ சோப்பும் தண்ணீரும், முடிவைச் சொல்ல ஒரே ஆள், வீட்டில் மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்து பேச ஒருவர், கேட்காமலே கையில் கொடுக்கும் ஆணுறைகள் எல்லாம் வேண்டும். நோயால் குடும்பத்தையே இழந்த மனிதரிடம் மாதாமாதம் இதைக் கேட்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. விந்தில் பாசிட்டிவ் என்பதால் அவரோடு உண்பதிலோ, கைகுலுக்குவதிலோ, ஒரே வீட்டில் இருப்பதிலோ ஆபத்து எதுவும் இல்லை. இதையும் அதே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெண்கள், தாய்மார்கள்

பெண்ணுறுப்புத் திரவத்தில் கிக்விட்டில் 33-ஆம் நாள் வரை ஆர்என்ஏ தெரிந்தது; விந்தோடு ஒப்பிட்டால் குறைந்த காலம்தான். தாய்ப்பால் விஷயத்தில் அவசரம் வேறு. குலுவில் ஒரு தாயின் பாலில் 15-ஆம் நாளிலும் வைரஸ் இருந்தது. தொற்று உறுதியானதும் பாலூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் தொடங்க 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தாய்ப்பால் மாதிரிகள் நெகட்டிவ் ஆக வேண்டும். ரத்த நெகட்டிவை வைத்து முடிவு செய்யக் கூடாது. பாலின் கொழுப்பும் கால்சியமும் பிசிஆரைத் தடுப்பவை என்பதால் இங்கும் கூடவே தேடும் மனித மரபணு வந்ததா என்று பார்க்காமல் நெகட்டிவ் எழுதக் கூடாது.

கர்ப்பிணி பிழைத்து, ரத்தம் சுத்தமாகி, குழந்தை வயிற்றில் இருக்கும் நிலையில் பனிக்குட நீரிலும் நஞ்சுக்கொடியிலும் வைரஸ் நிறைய இருக்கலாம். 2014-ல் கினியின் கெக்கெடுவில் இது நேரடியாகத் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போகலாம், ஆனால் பிரசவம் எப்போது நடந்தாலும் முழுப் பாதுகாப்பு உடையோடு எபோலா மையத்தில்தான் நடக்க வேண்டும். வழியில் இருக்கும் சாதாரண பிரசவ வார்டுக்கு இந்தத் தகவல் போய்ச் சேராவிட்டால் மருத்துவச்சியின் உயிர் போகும்.

கண், மூளை, திரும்பி வரும் நோய்

அமெரிக்காவில் குணமான மருத்துவர் ஒருவருக்குக் கண்ணில் அழற்சி வந்தது. நோய் தொடங்கி 14 வாரம், ரத்தம் சுத்தமாகி 9 வாரம் ஆகியிருந்தது. கண்ணின் உள்நீரிலிருந்து உயிருள்ள வைரஸ் கிடைத்தது. கண்ணீரும் இமை ஸ்வாபும் நெகட்டிவ். இதற்குப் பிறகு குணமானவர்களுக்குக் கண்புரை அறுவை செய்யவே பலர் தயங்கினார்கள். சியரா லியோனில் 50 பேரின் கண் உள்நீரை எடுத்துச் சோதித்தார்கள்; எல்லாம் நெகட்டிவ். அதன் பிறகு அறுவை நடந்தது, பார்வையும் திரும்பியது. ஒரு திரவத்தைச் சரியான நேரத்தில் சோதித்தால் எத்தனை பேருக்கு வாழ்க்கை திரும்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனில் ஒரு செவிலியருக்கு, குணமாகி ஒன்பது மாதம் கழித்து 2015 அக்டோபரில் மூளையழற்சி வந்தது. தண்டுவட நீரில் சிடி 23.7, பிளாஸ்மாவில் 31.3. அதாவது மூளைப் பக்கம் சுமார் இருநூறு மடங்கு அதிகம். காங்கோவில் தடுப்பூசியும் எதிர்ப்பொருள் மருந்தும் பெற்றுக் குணமான ஒருவருக்கு ஆறு மாதம் கழித்து நோய் திரும்பி, அவரிடமிருந்து தொடங்கிய சங்கிலியில் 91 பேருக்குத் தொற்று வந்தது.

ஆர்என்ஏ இருப்பதும் தொற்றும் வைரஸ் இருப்பதும் ஒன்றில்லை. உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் வீரோ இ6 என்ற குரங்குச் செல்களில் வைரஸை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையான பிஎஸ்எல்-4 லேப் தேவை, இந்தியாவில் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தில் அது இருக்கிறது. வளரவில்லை என்பதாலும் முழு நிம்மதி கிடைத்துவிடாது. விந்து அந்தச் செல்களையே கொல்லும், பயணத்தில் குளிர் தவறினால் வைரஸ் சாகும்.

ஆகவே எபோலாவிலிருந்து மீண்ட ஒருவர் மாதங்கள் கழித்துக் காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, பார்வை மங்கல் என்று வந்தால் முதலில் தனி அறை. பிறகு ரத்தம். மலேரியா சோதனையையும் சேர்த்தே செய்யுங்கள், அந்த ஊர்களில் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ரத்தம் நெகட்டிவ் என்றாலும், சிடி 35-க்கு மேல் தயங்கி நின்றாலும், நரம்பு அறிகுறி இருந்தால் முழுப் பாதுகாப்போடு தண்டுவட நீர் எடுத்து அதையும் சோதியுங்கள். கோரிக்கைத் தாளில் முதல் நோய் தொடங்கிய தேதி, அப்போது கண்ட கடைசி ரத்த சிடி, பெற்ற மருந்து, தடுப்பூசி தேதி, இப்போதைய அறிகுறி தொடங்கிய நாள், மாதிரியின் வகை ஆகிய ஆறும் இல்லாமல் டியூப் லேபுக்குப் போகக் கூடாது.